பத்தாவது நிமிடம்: வாசகர் கேள்விகளுக்கு ஒரு முன்னாள் நடுவரின் பதில்கள்

சென்ற இதழில் டென்மார்க் கால்பந்து வீரர் கிறிஸ்டியன் எரிக்சன் இதயம் நின்று ஆடுகளத்தில் விழுந்ததைப் பற்றி நான்கு வரி எழுதியிருந்தேன். வந்த கடிதங்களைப் படித்த பிறகுதான், நான்கு வரியில் அடங்குகிற விஷயம் இல்லை அது என்று தெரிந்தது. இந்த முறை முழுப் பக்கமும் அதற்கே.

எங்கள் ஊர் டோர்னமென்ட்டில் ஒரு பையன் மயங்கி விழுந்தான். மொத்தக் கூட்டமும் உள்ளே ஓடியது. பாதிப் பேர் கையில் செல்போன். வெளிநாட்டு ரசிகர்கள் மட்டும் எப்படி அமைதியாக நிற்கிறார்கள்? நம்மைவிடப் பக்குவமானவர்களா?
*வாசகர், தூத்துக்குடி*

அப்படி நான் நினைக்கவில்லை, சார். அன்று கோபன்ஹேகனில் என்ன நடந்தது என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

2021 ஜூன் 12, சனிக்கிழமை. யூரோ கோப்பையில் டென்மார்க்கும் பின்லாந்தும் பார்க்கன் மைதானத்தில் ஆடின. நான் பெரம்பூரில் என் வீட்டு டிவி முன்னால் உட்கார்ந்திருந்தேன். நம் நேரப்படி இரவு பத்தேகால் இருக்கும். முதல் பாதி முடிய இரண்டு மூன்று நிமிடம்தான் பாக்கி. இடது ஓரத்தில் ஒரு த்ரோ-இன். அதை வாங்கப் போன எரிக்சன் அப்படியே முன்னால் சரிந்தார். யாரும் அவரை இடிக்கவில்லை, தொடக்கூட இல்லை. இருபது வருடத்துக்கு மேல் விசில் ஊதியவன் என்பதால் என் கண் முதலில் நடுவரிடம்தான் போனது. இங்கிலாந்தின் ஆண்டனி டெய்லர். ஆட்டத்தை உடனே நிறுத்தி, மருத்துவக் குழுவைக் கையசைத்துக் கூப்பிட்டுவிட்டார். கேப்டன் சிமோன் கியார் எரிக்சனிடம் ஓடிப்போய் அவரைக் கவனித்தார். அப்புறம் தன் ஆட்களைக் கூப்பிட்டு, சுற்றி ஒரு வளையமாக நிறுத்தினார்.

அந்த வளையத்தில் நின்றவர்கள் எந்தப் பக்கம் பார்த்தார்கள் என்று கவனித்தீர்களா? வெளியே. நண்பனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கண்ணீரோடு, கூட்டத்தைப் பார்த்து நின்றார்கள். உள்ளே நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தார்கள், மின் அதிர்ச்சி கொடுத்தார்கள். திரும்பிப் பார்க்க வேண்டும் என்று எப்படித் துடித்திருக்கும்! ஆனாலும் அப்படியே நின்றார்கள்.

கேலரியில் இருந்தவர்கள் அதைப் பார்த்தார்கள். கூட்டம் அடங்கியதற்கு அதுதான் காரணம் என்பது என் எண்ணம். என்ன செய்ய வேண்டும் என்று யாரோ ஒருவர் காட்டிவிட்டால் பதினைந்தாயிரம் பேரும் அதன்படி நடப்பார்கள். பின்லாந்து ரசிகர்கள் தங்கள் நாட்டுக் கொடிகளையே இறக்கிக் கொடுத்தார்கள். ஸ்ட்ரெச்சரைக் கொண்டுபோகும்போது மறைப்பாகப் பிடித்தது அந்தக் கொடிகளைத்தான். அப்புறம் ஆட்டம் நின்றிருந்த நேரத்தில் பின்லாந்துப் பக்கம் ‘கிறிஸ்டியன்!’ என்று கத்த, டென்மார்க் பக்கம் ‘எரிக்சன்!’ என்று பதில் கொடுத்தது. திரும்பத் திரும்ப. என் மனைவி சமையலறையிலிருந்து வந்து, “யார் கோல் போட்டாங்க, இப்படிக் கத்தறாங்க?” என்று கேட்டாள். யாரும் கோல் போடவில்லை என்று சொல்லும்போது எனக்குக் குரலே வரவில்லை.

அதே இரவில் தப்பும் நடந்தது. டிவி கேமரா நெடுநேரம் அங்கேயே நின்றது. அழுதுகொண்டிருந்த எரிக்சனின் துணைவியையும் விடவில்லை. பிபிசி பிறகு மன்னிப்புக் கேட்டது. ஆட்டத்தை அன்றே மறுபடி தொடங்கினார்கள். பின்லாந்து ஒரு கோல் போட்டு ஜெயித்தது. போட்ட போயன்பாலோ கொண்டாடவில்லை. அன்று மறுபடி ஆடியது தவறு என்று டென்மார்க் பயிற்சியாளர் ஹியுல்மாண்ட் பிறகு வெளிப்படையாகவே சொன்னார். சம்பந்தப்பட்ட எல்லாருமே பக்குவமாக நடந்துகொண்டார்கள் என்று சொல்ல முடியாது. கேலரியில் இருந்தவர்கள் நடந்துகொண்டார்கள்.

ரசிகர் ஒருவரே ஓடிவந்து வீரரைக் காப்பாற்றியதாகச் சொல்கிறார்களே, உண்மையா?
*வாசகி, காரைக்குடி*

உண்மை. ஆனால் கேலரியில் இருந்து குதித்து ஓடினார் என்று நினைத்துவிடாதீர்கள், அனுமதி கேட்டுக்கொண்டு போனார்.

2012 மார்ச் 17, லண்டனில் ஒயிட் ஹார்ட் லேன் மைதானம். எஃப்.ஏ. கோப்பை காலிறுதியில் டோட்டன்ஹாமும் போல்டனும் ஆடின. போல்டன் வீரர் ஃபாப்ரிஸ் முவாம்பா, 23 வயது, இதயம் நின்று விழுந்தார். டோட்டன்ஹாம் ரசிகராகக் கேலரியில் இருந்த ஆண்ட்ரூ டீனர், லண்டன் செஸ்ட் மருத்துவமனையின் இதய மருத்துவர். காவலுக்கு நின்றவர்களிடம் தான் யார் என்று சொல்லி உள்ளே வந்து, மருத்துவக் குழுவோடு சேர்ந்துகொண்டார். முவாம்பாவைத் தன் மருத்துவமனைக்கே கொண்டுபோகச் சொன்னதும் அவர்தான். இதயம் தானாகத் துடிக்க ஆரம்பிக்க 78 நிமிடம் ஆனது. ஆமாம், எழுபத்தெட்டு. அதுவரை கைகளால் அழுத்தி அழுத்தித்தான் அந்த மூளைக்கு ரத்தம் அனுப்பினார்கள்.

அந்த மாலை இரண்டு பக்கத்து ரசிகர்களும் சேர்ந்து முவாம்பாவின் பெயரைப் பாடினார்கள். நடுவர் ஹோவர்ட் வெப் ஆட்டத்தைக் கைவிட்டார். காசு கொடுத்து வந்த கூட்டம் முணுமுணுக்காமல் கலைந்து போனது. போல்டன் மைதான வாசலில் சட்டைகளும் கழுத்துத் துண்டுகளும் குவிந்தன. அதே நாட்களில் வேல்ஸில் ஒரு மாணவர் முவாம்பாவைப் பற்றி ட்விட்டரில் இனவெறி கக்கி, 56 நாள் சிறைத் தண்டனை வாங்கினார். தூத்துக்குடி வாசகருக்கும் இது பதிலாகும். முவாம்பா பிழைத்தார். பந்தாட்டத்தை விட வேண்டியிருந்தது.

எதிரணி ரசிகர்கள் உண்மையிலேயே கவலைப்படுவார்களா, கேமராவுக்காகவா?
*வாசகர், ஓசூர்*

எரிக்சன் விழுந்து ஐந்து நாள் கழித்து அதே பார்க்கனில் டென்மார்க்கும் பெல்ஜியமும் ஆடின. எரிக்சனின் எண் 10. பத்தாவது நிமிடம் வந்ததும் பந்தை வெளியே அடித்துவிட்டு, இரண்டு அணியும் நடுவரும் கேலரியும் ஒரு நிமிடம் முழுக்கக் கைதட்டினார்கள். அப்போது டென்மார்க் ஒரு கோல் முன்னால் இருந்தது. தோற்றுக்கொண்டிருக்கிற அணிக்கு ஒரு நிமிடம் எவ்வளவு பெரியது என்று ஆடியவர்களுக்குத் தெரியும். பெல்ஜியத்தின் லுகாகு அப்போது இன்டர் மிலானில் எரிக்சனோடு ஆடியவர். எரிக்சன் அப்போது ரிக்ஸ் மருத்துவமனையில் படுத்திருந்தார். மைதானத்தில் இருந்து நடந்தே போகலாம், அவ்வளவு பக்கம். கேமராவுக்காகத்தான் கைதட்டினார்கள் என்று என்னால் நம்ப முடியவில்லை.

ஸ்பெயினின் செவியாவில் அன்டோனியோ புவேர்டா 2007 ஆகஸ்டில் ஆட்டத்தின்போது விழுந்து, மூன்று நாளில் இறந்துபோனார். வயது 22. எண் 16. அந்த ஊர் ரசிகர்கள் பதினாறாவது நிமிடத்தில் அவரை நினைத்துக் கைதட்டும் வழக்கத்தை வைத்திருக்கிறார்கள். நம் பக்கத்திலும் ஒன்று உண்டு. 2004 டிசம்பர் 5, பெங்களூரு கண்டீரவா மைதானத்தில் ஃபெடரேஷன் கோப்பை இறுதி ஆட்டம். டெம்போ அணியின் பிரேசில் வீரர் கிறிஸ்டியானோ ஜூனியர் கோல் போட்ட அதே நொடியில் கோல்கீப்பரோடு மோதி விழுந்தார், பிழைக்கவில்லை. டெம்போ அவருடைய பத்தாம் எண்ணை வேறு யாருக்கும் தரவில்லை. மறுநாள் காலை பேப்பரில் அதைப் படித்துவிட்டு அன்று பயிற்சிக்கு வந்த பையன்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டேன்.

என் மகனுக்குப் பதினான்கு வயது. பந்து பந்து என்று உயிரை விடுகிறான். இதையெல்லாம் பார்த்த பிறகு அனுப்பவே பயமாக இருக்கிறது.
*ஒரு அம்மா, வியாசர்பாடி*

அம்மா, அனுப்புங்கள். இப்படி நடப்பது மிக அரிது. இதயத் தசை தடித்திருப்பது, மின்னோட்டக் கோளாறு போன்ற பிறவிக் காரணங்கள்தான் இளம் வீரர்களிடம் பெரும்பாலும் இருக்கும். 2003-இல் லியோன் நகரில் இறந்துபோன கேமரூன் வீரர் ஃபோவேக்கும் தசை தடிப்புதான். ஓடும்போது மயக்கம், நெஞ்சு வலி, காரணமில்லாத படபடப்பு, அல்லது உங்கள் குடும்பத்தில் சின்ன வயதில் யாராவது திடீரென்று இறந்தது: இதில் ஒன்று இருந்தாலும் இதய மருத்துவரிடம் காட்டிவிட்டு அனுப்புங்கள். ஒன்றும் இல்லாவிட்டாலும் ஒரு ஈசிஜி எடுத்துவிடலாம். இத்தாலியில் போட்டிகளில் ஆட அது சட்டப்படி கட்டாயம். பையனிடம் ஒன்று மட்டும் சொல்லிவையுங்கள்: தலை சுற்றினால் கோச்சிடம் மறைக்கக் கூடாது. டீமில் இருந்து எடுத்துவிடுவார்கள் என்று பயந்து மறைக்கிற பையன்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

சரி, நம் மைதானத்தில் யாராவது விழுந்தால் பார்வையாளர்கள் என்ன செய்ய வேண்டும்?
*வாசகர், நாகர்கோவில்*

முதலில் நான் செய்யத் தவறியதைச் சொல்கிறேன். 1998 கோடையில் ஒரு உள்ளூர் ஆட்டம், நான் நடுவர். சென்டர் ஃபார்வர்ட் பையன் ஒருவன் தனியாக ஓடிக்கொண்டிருந்தவன் சுருண்டு விழுந்தான். கை கால் இழுத்தது. நான் விசில் ஊதி முடிப்பதற்குள் அறுபது எழுபது பேர் அவனைச் சுற்றி நின்றார்கள். “சாவியைக் குடு, இரும்பைக் கையில வை!” என்று ஒருவர். சோடாவை உடைத்து வாயில் ஊற்றப் போனார் இன்னொருவர். நான் வளையத்துக்கு வெளியே மாட்டிக்கொண்டேன். ஆட்களைத் தள்ளி உள்ளே போக எனக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனது. நல்லவேளையாக அவனுக்கு வெறும் வலிப்பு, தானாக எழுந்துவிட்டான். அது இதயமாக இருந்திருந்தால் அந்த ஒரு நிமிடத்தை அவனுக்கு யார் திருப்பிக் கொடுத்திருப்பார்கள்? கூட்டத்தில் ஒருவருக்குக்கூடக் கெட்ட எண்ணம் இல்லை. எல்லாரும் அவன் மேல் பாசத்தில் ஓடிவந்தவர்கள். தடுத்திருக்க வேண்டியது நான்.

இதயம் நின்றாலும் முதலில் கை கால் இழுக்கலாம், வாய் திறந்து திறந்து மூடலாம். அதை மூச்சு என்று நினைத்துவிடாதீர்கள். கூப்பிட்டால் பதில் இல்லை, சீரான மூச்சும் இல்லை என்றால், ஒருவர் நெஞ்சின் நடுவே இரண்டு கைகளையும் வைத்து அழுத்த ஆரம்பிக்க வேண்டும். ஐந்து சென்டிமீட்டர் இறங்கணும், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. கை ஓய்ந்தால் ஆள் மாறுங்கள், இடைவெளி விடாதீர்கள். ஒருவர் 108-ஐக் கூப்பிடட்டும். ஒருவர் ரோட்டு முனைக்கு ஓடி ஆம்புலன்ஸுக்கு வழி காட்டட்டும், கேட் பூட்டியிருந்தால் திறக்கட்டும். மின் அதிர்ச்சி கொடுக்கும் ஏஇடி கருவி இருந்தால் கொண்டுவாருங்கள். எங்கே ஒட்டுவது, எப்போது அழுத்துவது என்று அதுவே பேசிச் சொல்லும். நெஞ்சை அழுத்தாமல் விட்டால், அதிர்ச்சி தாமதிக்கிற ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு ஏழு முதல் பத்து சதவீதம் குறைகிறது.

மீதி அத்தனை பேரும் தள்ளி நின்று, திரும்பி நில்லுங்கள். போனைப் பையில் போடுங்கள். அந்தப் பையனின் அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் அந்த வீடியோ போய்ச் சேரக் கூடாது.

எரிக்சன் இப்போது ஆடுகிறாரா? என் அப்பா கேட்கச் சொன்னார்.
*பத்தாம் வகுப்பு மாணவி, திருச்சி*

அப்பாவிடம் சொல்லம்மா. நெஞ்சுக்குள் ஒரு சின்னக் கருவி பொருத்தினார்கள். துடிப்பு தடம் மாறினால் அது தானாக அதிர்ச்சி கொடுக்கும். அந்தக் கருவியோடு ஆட இத்தாலியில் அனுமதி இல்லை. அதனால் இன்டர் மிலானை விட்டு இங்கிலாந்தின் பிரென்ட்ஃபோர்டுக்குப் போனார். 2022 பிப்ரவரி 26 அன்று நியூகாசிலோடு நடந்த ஆட்டத்தில் மாற்று வீரராக இறங்கினார். பிரென்ட்ஃபோர்டு தோற்றுக்கொண்டிருந்தது, ஆனாலும் மைதானமே எழுந்து நின்றது, நியூகாசில் ரசிகர்களும் சேர்ந்து. அடுத்த மாதமே பார்க்கனில் செர்பியாவுக்கு எதிராக ஒரு கோல். அப்புறம் 2024 ஜூன் 16, ஸ்டுட்கார்ட். மறுபடி யூரோ கோப்பை, ஸ்லோவேனியாவுக்கு எதிராகப் பதினேழாவது நிமிடத்தில் கோல் போட்டார். அவர் விழுந்த நாளில் இருந்து எண்ணினால் 1,100-ஆவது நாள். அன்று என் மனைவியும் டிவி முன்னால்தான் இருந்தாள். சத்தம் கேட்டு, “இப்ப யாரு?” என்று அவள் கேட்கவில்லை.