வர்க்கியும் டீயும்

கேள்வி: அக்கா, வீட்டில் நான், என் அம்மா, பத்தாவது படிக்கும் என் மகள் என்று மூன்று பெண்கள்தான். "நம்ம வீடு மட்டும் ஏன் இப்படி?" என்று மகள் அடிக்கடி முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறாள். மூவரும் சேர்ந்து சிரிக்க ஒரு படம் சொல்லுங்களேன்.
— வாசகி, குன்னூர்

பதில்: 1990-இல் வந்த 'மெர்மெய்ட்ஸ்' பாருங்கள். பாடகி ஷெர்தான் அம்மா. காதல் முறியும்போதெல்லாம் பெட்டி கட்டி ஊர் மாறுகிற ரகம். இரண்டு மகள்களுக்கும் அப்பா வேறு வேறு. 1963-இல் மாசசூசெட்ஸில் ஒரு சின்ன ஊருக்கு வந்து சேர்கிறார்கள். மூத்தவள் சார்லட்டாக வினோனா ரைடர். பெற்ற தாயை 'மிஸஸ் ஃப்ளாக்ஸ்' என்றுதான் கூப்பிடுவாள். யூதக் குடும்பத்துப் பெண். ஆசையோ கன்னியாஸ்திரி ஆவது! அப்புறம் ஒரு பையனிடம் முத்தம் வாங்கியதற்கே கர்ப்பமாகிவிட்டோம் என்று நடுங்குவாள்.

எனக்குப் பிடித்தது அந்த வீட்டுச் சாப்பாடு. அம்மாவுக்குக் கொறிக்கிற அயிட்டம் மட்டும்தான் செய்ய வரும். சாண்ட்விச்சை நட்சத்திரமாக வெட்டித் தட்டில் அடுக்கிவிட்டால் சமையல் முடிந்தது.

எங்கள் கதையும் அதுதான். அம்மாவுக்குக் கோத்தகிரியில் தேயிலை ஃபேக்டரி வேலை. இலை குவிகிற மாதங்களில் வீடு திரும்ப ராத்திரி ஒன்பதாகிவிடும். அன்றைக்கெல்லாம் எங்கள் ஊர் மொறுமொறு பிஸ்கட்டான வர்க்கியும் டீயும்தான் சாப்பாடு. வர்க்கியை முக்கி, உதிர்வதற்குள் வாயில் போட வேண்டும். அம்மாவுக்கு ஒருநாளும் தவறாது. நான் டம்ளர் அடியில் கிடப்பதை ஸ்பூனால் வழித்துக்கொண்டிருப்பேன். பள்ளியில் கேட்டால் "தோசை, தேங்காய்ச் சட்னி" என்று கூசாமல் சொல்வேன். ஒருநாள் தோழி ஒருத்தி ராத்திரி தங்க வந்து குட்டு உடைந்தது. மானம் போச்சு என்று நினைத்தேன். மறுவாரம் அவள் அம்மா எங்கள் வாசலில் நிற்கிறார், சண்டைக்கு: "என் பொண்ணு சோறே வேண்டாங்கறா, வர்க்கி கேக்கறா!"

சரி, படத்துக்கு வருகிறேன். காதல் சமாச்சாரம் கொஞ்சம் தாராளம்தான். பத்தாவது படிக்கிறவளுக்குப் புரியாதது ஒன்றுமில்லை. பின்பகுதியில் தங்கை ஆற்றில் விழுந்துவிடுவாள். பிழைத்துக்கொள்வாள் என்று உங்கள் அம்மாவிடம் முன்னாடியே சொல்லிவையுங்கள். கடைசியில் தாயும் மகள்களும் சாப்பாட்டு மேசைக்குத் தட்டு வைத்தபடியே ஆடுவார்கள். அப்போது உங்கள் மகள் பக்கம் திரும்பிவிடாதீர்கள். பார்க்கிறீர்கள் என்று தெரிந்தால் சிரிப்பை அடக்கிவிடுவாள்.