மலையில் ஒரு கால், கடலுக்கு அப்பால் ஒரு கால்

பத்தொன்பது வருடம் ஷார்ஜாவில் கணக்கெழுதிவிட்டுக் கோத்தகிரிக்குத் திரும்பியவன் நான். இப்போது பாஸ்போர்ட், விசா, வங்கிப் படிவங்கள் நிரப்பிக் கொடுக்கிறேன். படிவத்தை நீட்டும்போதே கேள்வியும் வந்துவிடும். வெளிநாட்டுப் பக்கத்துச் சிக்கலைவிட ஊர்ப் பக்கத்துச் சிக்கல்தான் அதிகம் வருகிறது. இந்த முறை வந்தவற்றில் சில.

கூடலூரில் இருக்கிறேன். ஷார்ஜா போக எப்போதும் கோவைதான். போன நவம்பரில் குன்னூர் மலைப்பாதையில் பர்லியாறு அருகே மரம் விழுந்து வண்டிகள் நின்று, விடியற்காலை விமானத்தைத் தவறவிட்டேன். முதல் நாளே இறங்கிவிடுவதுதான் வழியா?

அதைவிட நல்ல வழி உங்கள் வாசலிலேயே இருக்கிறது, தம்பி. நாடுகாணி, வழிக்கடவு, நிலம்பூர், மஞ்சேரி வழியாகக் கோழிக்கோட்டின் கரிப்பூர் விமான நிலையம் சுமார் 100 கிலோமீட்டரில் வந்துவிடும். ஊட்டி ஏறி, குன்னூர் இறங்கி, மேட்டுப்பாளையம் தாண்டிக் கோவை என்றால் சுமார் 140. பந்தலூர், சேரம்பாடிக்காரர்கள் கோவையை நினைப்பதே இல்லை.

ஆனால் மாதம் பார்க்க வேண்டும். நம் நீலகிரி மாவட்டத்துக்கு இரண்டு மழை. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்கு மழை கூடலூர், தேவாலா பக்கத்தைப் புரட்டும். அப்போது நாடுகாணி மலைப்பாதையை நம்ப முடியாது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கு மழை குன்னூர், கோத்தகிரிச் சரிவுகளில் இறங்கும். 2009 நவம்பரில் குன்னூர் பக்கம் மண் சரிந்ததை இங்கே யாரும் மறக்கவில்லை. எனவே ஆடி மாதப் பயணத்துக்குக் கோவை, ஐப்பசி கார்த்திகைக்குக் கரிப்பூர் என்று டிக்கெட் போடுங்கள். கோவைதான் என்றால் முதல் நாள் இருட்டுவதற்குள் மேட்டுப்பாளையத்தைத் தொட்டுவிடுங்கள்.

பெங்களூரு விமானம் பிடிக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: பந்திப்பூர் காட்டுப் பாதை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும். 2009 முதல் இப்படித்தான். ஆனாலும் வருடத்துக்கு ஒருவராவது தெப்பக்காட்டில் நின்றுகொண்டு எனக்குப் போன் செய்கிறார்.

பையன் அபுதாபியில் இருக்கிறான். யாராவது போகும்போது குருமாப் பொடி, ஊட்டி வர்க்கி பிஸ்கட், தைலம், கொப்பரை எல்லாம் கொடுத்தனுப்புவேன். கசகசா கூடாது என்கிறார்களே, நிஜமா?

நிஜம்தான் அம்மா, விளையாட்டில்லை. கசகசா அபின் செடியின் விதை. அமீரகத்தில் அதற்குத் தடை. சவுதியிலும் சிங்கப்பூரிலும் அப்படியே. நமக்கு அது குருமாவுக்குக் கெட்டியும் குழந்தைக்குத் தூக்கமும் தருகிற மளிகைச் சாமான். அங்கே போதைப் பொருள் கணக்கில் வரும்.

என் கதையைச் சொல்கிறேன். முதல் பயணத்தில் அம்மா அரைத்துக் கொடுத்த பொடியோடு, ஒன்றும் தெரியாமல் விமான நிலையத்தைத் தாண்டி அறைக்குப் போய்விட்டேன். உடன் இருந்த தஞ்சாவூர்க்காரர் பொட்டலத்தைப் பிரித்து, விரலில் தொட்டு, விளக்கடியில் பார்த்தார். மஞ்சள் பொடிக்கு நடுவே வெள்ளையாகப் பொடிப்பொடிக் குருணை. ஒன்றும் பேசாமல் கழிப்பறையில் கொட்டித் தண்ணீர் விட்டார். அப்புறம்தான் என்னைத் திட்டினார். அம்மாவிடம் கடைசிவரை அதைச் சொல்லவில்லை. பொடி நன்றாக இருந்ததாகவே கடிதம் எழுதினேன்.

முந்திரியும் பொட்டுக்கடலையும் வைத்து அரையுங்கள், கெட்டி வரும். கடைப் பொடி வாங்கினால் உறையில் என்னென்ன சேர்த்திருக்கிறார்கள் என்று படித்துப் பாருங்கள். கொப்பரையை விட்டுவிடுங்கள்: எண்ணெய்ப் பசை, தீப்பிடிக்கும் என்று விமானத்தில் அனுமதிப்பதில்லை. தைலமும் தீப்பிடிக்கிற சரக்குதான். பெரிய பாட்டில் வேண்டாம், சின்னதாக ஒன்று போதும். வர்க்கியைத் தகர டப்பாவில் வைத்துக் கைப்பையில் கொடுங்கள், பெட்டியில் போட்டால் ரவையாகத்தான் போய்ச் சேரும்.

எடுத்துப் போகிறவருக்கும் சொல்லிவிடுங்கள்: அடுத்தவர் பொட்டலமானாலும் திறந்து பார்க்காமல் வாங்கக் கூடாது. மாட்டிக்கொண்டால் பதில் சொல்ல வேண்டியது பெட்டிக்காரர்தான்.

ஊருக்கு வரும்போது மட்டும்தான் இந்திய சிம்மைப் போடுவேன். இந்த முறை எண்ணே செத்துவிட்டது. வங்கி ஓடிபி எதுவும் வரவில்லை.

ப்ரீபெய்டு எண்ணை 90 நாள் தொடாமல் வைத்திருந்தால் நிறுவனம் முடக்கலாம். கணக்கில் 20 ரூபாய் இருந்தால் அதைக் கழித்துக்கொண்டு இன்னும் 30 நாள் விட்டுவைப்பார்கள். முடங்கிய எண் பிறகு வேறு யாருக்காவது போய்விடும். பாஸ்போர்ட்டோடு இன்றைக்கே வங்கிக் கிளைக்குப் போய் எண்ணை மாற்றுங்கள்.

போனதும் இன்னொன்றையும் கேளுங்கள்: வேலைக்கு வெளிநாடு போனதை வங்கிக்குச் சொன்னீர்களா? சாதாரண சேமிப்புக் கணக்கை அப்படியே ஓட்டுவது விதிப்படி தப்பு. அதை என்ஆர்ஓ, அதாவது வெளிநாட்டில் இருப்பவரின் ஊர் வருமானத்துக்கான கணக்கு ஆக்க வேண்டும். வெளிநாட்டுச் சம்பளத்தை அனுப்பிப் போட்டுவைக்க என்ஆர்இ என்று தனிக் கணக்கு. அதன் வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை. இந்தக் கணக்குகள் இருந்தால் அமீரகம், சவுதி, கத்தார், ஓமன், சிங்கப்பூர் எண்களிலேயே யுபிஐ வைத்துக்கொள்ள வங்கிகள் வழி செய்திருக்கின்றன. இந்திய சிம்மைக் கட்டி அழ வேண்டியதில்லை.

கத்தாரில் எட்டு வருடமாக வேலை. அரவேனு பக்கம் ஒரு ஏக்கர் தேயிலை விலைக்கு வருகிறது. முன்பணம் கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். வெளிநாட்டில் குடியிருக்கும் இந்தியர் இங்கே வீடு வாங்கலாம், கடை வாங்கலாம். விவசாய நிலம், தோட்ட நிலம், பண்ணை வீடு வாங்க அந்நியச் செலாவணிச் சட்டம் விடாது. தேயிலை தோட்ட நிலம்தான். வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய நம்மவர் வைத்திருக்கும் ஓசிஐ அட்டைக்காரருக்கும் இதே கதை. ஊரில் இருந்தபோதே வாங்கியது என்றால் வைத்துக்கொள்ளலாம், அப்பாவுக்குப் பின் வாரிசாக வருவதிலும் தடையில்லை.

தரகர் இதைச் சொல்ல மாட்டார், பத்திரம் எழுதுகிறவரும் கேட்க மாட்டார். பதிவாகிவிட்டாலே எல்லாம் சரி என்று நினைக்கிறோம். பிறகு விற்கும்போதோ பணத்தை வெளியே கொண்டுபோகும்போதோ தோண்டுவார்கள். மனைவி ஊரிலேயே குடியிருந்தால் அவர் பெயரில் வாங்குவதைப் பற்றி ஆடிட்டரைக் கேளுங்கள். நிலம் எங்கேயும் ஓடிவிடாது. பசுந்தேயிலை விலைக்காக இங்கே எத்தனை போராட்டம் நடந்தது என்பதையும் ஒரு தடவை நினைத்துப் பாருங்கள்.

பாஸ்போர்ட்டில் ஒரே பெயர். துபாய்க்கு விசிட் விசாவில் மகளைப் பார்க்கப் போக முடியுமா?

2022 நவம்பர் முதல் ஒற்றைப் பெயருக்கு அமீரகம் விசிட் விசாவில் சிக்கல் வைத்திருக்கிறது. கடைசிப் பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் ஏற்கிறார்கள். ஆனாலும் புதுப்பிக்கும்போது இனிஷியலை விரித்து எழுதி, பெயரை இரண்டாகப் பிரித்துக்கொள்வதுதான் நிம்மதி.

சிங்கப்பூருக்கு ஆறு மாதம் பேரனைப் பார்க்கப் போகிறேன். எஸ்டேட் வேலைக்கு பிஎஃப் பென்ஷன் வருகிறது. வாழ்வுச் சான்று கொடுக்கிற நவம்பரில் இங்கே இருக்க மாட்டேனே?

பிஎஃப் பென்ஷனுக்கு நவம்பர்தான் என்று கட்டாயம் இல்லை அம்மா. வாழ்வுச் சான்றை எந்த மாதமும் கொடுக்கலாம், கொடுத்த நாளிலிருந்து 12 மாதம் செல்லும். கிளம்பும் வாரத்தில் கொடுத்துவிட்டுப் போங்கள்.

நாங்கள் 1970களில் இலங்கையிலிருந்து வந்த குடும்பம். தங்கை ஹட்டனில் தங்கிவிட்டாள். அவள் மகள் கல்யாணத்துக்குப் போக வேண்டும். நாகப்பட்டினம் கப்பல் மலிவு என்கிறார்கள்.

1964இல் நம் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும், அங்கிருந்த மலையகத் தமிழரை இரு நாடும் பிரித்து ஏற்பதாகக் கையெழுத்துப் போட்டதில் இப்படி அக்கா இங்கே, தங்கை அங்கே என்று ஆன வீடுகள் இந்த மலையில் ஏராளம். அரசுத் தேயிலைத் தோட்டக் கழகமான டான்டீயின் லைன் வீடுகளில் கேட்டால் வீட்டுக்கொரு கதை வரும்.

கப்பல் காங்கேசன்துறையில் விடும். அது யாழ்ப்பாணம் பக்கம். அங்கிருந்து மலைநாட்டு ஹட்டன் வர ஒரு நாள் போய்விடும். இந்த வயதில் வேண்டாம். மதுரையோ திருச்சியோ போய்க் கொழும்பு விமானம் ஏறுங்கள், ஒரு மணி நேரப் பறப்புதான். பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும், ஈடிஏ என்கிற மின்னணுப் பயண அனுமதியை இணையத்தில் முன்கூட்டியே வாங்கிக்கொள்ளுங்கள். அங்கேயும் இங்கேயும் கடிகாரம் ஒன்றுதான், முகூர்த்த நேரத்தைக் கூட்டிக் கழிக்க வேண்டாம்.

தங்கைக்குத் தேயிலைத் தூள் மட்டும் கொண்டுபோகாதீர்கள், சிரிப்பாள். வர்க்கி கொண்டுபோங்கள், தகர டப்பாவில்.