சிரிலிக் எழுத்தில் பெயர் எழுதிய தக்காளி விதைகளை இனங்கண்டு வளர்ப்பது எப்படி?

உங்கள் வேலைத்தலத்து உக்ரைனியத் தோழி, தம் தாயார் சேகரித்து வைத்திருந்த தக்காளி விதைகளை எட்டுக் காகிதப் பொட்டலங்களாகத் தந்திருக்கிறார். தாயார் இப்போது இல்லை. தோழிக்கோ தோட்ட வேலை தெரியாது. பொட்டலங்களில், ரஷ்ய, உக்ரைனிய மொழிகளை எழுதப் பயன்படும் சிரிலிக் எழுத்தில், கையால் ஏதோ எழுதியிருக்கிறது; அவை எந்த ரகங்கள், ரொறன்ரோவில் வளருமா என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் பதினொரு ஆண்டுகளாக ரஷ்ய, உக்ரைனியத் தக்காளிகளை விதை போட்டு வளர்த்து வருகிறேன். நன்றாகவே வளரும். ஆனால் பொட்டலத்திலுள்ள பெயர் ஒரு துப்பு மட்டுமே. அது சரியா என்பதைச் செடிதான் சொல்லும்.

முதலில் எழுத்தைப் பார்ப்போம். அச்சில் வரும் சிரிலிக்கும் கையால் எழுதும் சிரிலிக்கும் ஒன்று போல இருப்பதில்லை. கையெழுத்தில் 'த' ஒலிக்குரிய எழுத்து ஆங்கிலச் சிறிய 'எம்' போலவும், 'ப' ஒலிக்குரியது 'என்' போலவும் இருக்கும். 'தொமாத்' என்று எழுதியிருப்பதை ஆங்கிலம் பழகிய கண் 'மோமம்' என்றுதான் வாசிக்கும். கைபேசிச் செயலிகளும் இதில் அடிக்கடி தடுமாறுகின்றன. கையெழுத்துச் சிரிலிக் அட்டவணை ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாக அச்செழுத்துக்கு மாற்றிய பிறகு தேடினால் பலன் கிடைக்கும்.

பெயரில், தலையில் ஒற்றைப் புள்ளியோ இரட்டைப் புள்ளியோ வைத்த நெட்டைக் கோட்டெழுத்து வந்தால் அது உக்ரைனிய மொழி. ஆங்கிலச் சிறிய 'பி'யையும் (b) அதன் அருகே ஒரு கோட்டையும் சேர்த்தது போன்ற எழுத்து வந்தால் அது ரஷ்ய மொழி. நிறச் சொற்களும் உதவும். சிவப்பு ரஷ்யத்தில் 'க்ராஸ்னி', உக்ரைனியத்தில் 'செர்வோனி'. இளஞ்சிவப்பு முன்னதில் 'ரோஸவி', பின்னதில் 'ரொஷேவி'. ஆனால் மொழியைக் கொண்டு ஊரை முடிவு செய்துவிடாதீர்கள். உக்ரைனில் ரஷ்ய மொழியில் எழுதிப் பழகிய குடும்பங்கள் ஏராளம். ஆகவே ரஷ்யப் பெயர் எழுதிய பொட்டலம் உக்ரைனிய ரகமாக இருக்கலாம், உக்ரைனியப் பெயர் எழுதியது சைபீரிய ரகமாகவும் இருக்கலாம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. சோவியத் காலத்தில் நகரத்துக் குடும்பங்களுக்குப் பெரும்பாலும் 600 சதுர மீட்டர் அளவுள்ள தோட்டத் துண்டுகள் கிடைத்தன. அங்கே விளைந்த பழத்திலிருந்து விதை எடுத்துப் பக்கத்துத் தோட்டக்காரரோடு மாற்றிக்கொள்வது வழக்கம். அப்படிக் கைமாறிய விதைகளின் பெயர் வீட்டுக்கு வீடு சற்றே மாறும். 'பிச்யெ ஸேர்த்ஸெ' என்று ரஷ்யத்திலும் 'வொலாச்செ ஸேர்ஸெ' என்று உக்ரைனியத்திலும் வழங்கும் 'மாட்டின் இதயம்' என்ற பெயர், இதய வடிவில் பெரிதாகக் காய்க்கும் பல தக்காளிகளுக்குப் பொதுப்பெயராகவே ஆகிவிட்டது. 'பேலி நலீவ்' என்ற பெயரில் வெள்ளை என்ற பொருள் இருந்தாலும் அதன் பழம் நல்ல சிவப்பு. காயாக இருக்கும்போதுதான் அது வெளிறித் தெரியும். இதை அறியாமல் விதை கலந்துவிட்டது என்று செடியைப் பிடுங்கி எறிந்தவரை எனக்குத் தெரியும். 'காஸ்மனாட் வோல்கவ்' என்று இருந்தால், அது 1971இல் சோயுஸ் 11 விண்கலத்தில் உயிரிழந்த விளாடிஸ்லாவ் வோல்கவின் நினைவாகப் பெயர் பெற்ற சிவப்புத் தக்காளி. 'சோர்னி' என்பது கருப்பு. அதோடு 'கிரிம்' சேர்ந்தால், மேற்கு நாடுகளில் இன்று மிகவும் பெயர் பெற்ற கிரிமியக் கருந்தக்காளி.

இனிச் செடியைப் பார்ப்போம். விதையிலைகள் இரண்டும் எதையும் சொல்லமாட்டா. அதன் பிறகு வரும் மூன்றாவது, நான்காவது இலைகளில் ஓரம் பல் பல்லாக வெட்டுப்பட்டிருந்தால் அது சாதாரண இலை. வெட்டில்லாமல் உருளைக்கிழங்குச் செடியின் இலை போல அகன்று வழுவழுப்பான ஓரத்துடன் இருந்தால் அது உருளை இலை ரகம். ரஷ்யாவிலும் உக்ரைனிலும் பலரும் விரும்பி வளர்க்கும் 'மிக்காதோ' இந்த வகை. உருளை இலை என்பது ஒடுங்கு பண்பு; அதாவது தாய்ச்செடி, தந்தைச்செடி இரண்டிலிருந்தும் வந்தால்தான் வெளியே தெரியும். ஆகவே அத்தகைய ரகத்தின் பொட்டலத்தில் பத்து நாற்றுகளுள் ஒன்று மட்டும் பல் இலையோடு வந்தால், அது வேறு செடியின் மகரந்தமோ வேறு விதையோ கலந்ததற்கு அடையாளம். அதைத் தனியாக நடுங்கள். இலைகள் மெலிந்து, துவண்டு தொங்கினால் நாற்றுக்கு நோய் என்று அஞ்சவேண்டாம்; இதய வடிவக் காய் தரும் பல ரகங்களின் இயல்பே அதுதான்.

பழுத்த பிறகு ஒரு சோதனை செய்யுங்கள். எனக்கு மிகவும் பிடித்தது இது. பழத்தைக் கொதிநீரில் அரை நிமிடம் போட்டெடுத்துத் தோலை உரித்து, அதை மட்டும் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். தோல் மஞ்சளாக இருந்தால் அது சிவப்பு ரகம். கண்ணாடி போல நிறமற்று இருந்தால் இளஞ்சிவப்பு ரகம். இரண்டுக்கும் உள்ளே இருக்கும் சதை ஒரே சிவப்புதான். கருந்தக்காளியில் பழுத்த பின்னும் பச்சையம் சிதையாமல் சிவப்பு நிறமியோடு சேர்ந்து நிற்பதால் சதையே கருஞ்சிவப்பாகத் தெரிகிறது. இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் கிரிமியக் கருந்தக்காளி என்று நான் வாங்கிய விதையில், ஆறு செடிகளும் உருண்டைச் சிவப்புப் பழங்களையே தந்தன. ஒரு முழுக் கோடைக்காலம் வீணானது இன்றும் மனதை உறுத்துகிறது. அதனால்தான் பெயரை நம்பாதீர்கள் என்று இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

பொட்டலத்தில் 95, 110 போன்ற எண்கள் இருந்தால் அவை பெரும்பாலும் பழுக்கும் நாள்களாக இருக்கும். இங்கே பலர் ஏமாறுகிறார்கள். வட அமெரிக்க விதை உறைகளில் நாள் கணக்கு நாற்றை நிலத்தில் நட்ட நாளிலிருந்து தொடங்குகிறது. ரஷ்ய, உக்ரைனிய வழக்கில் விதை முளைத்த நாளிலிருந்தே தொடங்குகிறது. ஏப்ரல் 8இல் முளைத்த நாற்றை மே 24இல் நட்டால், 110 நாள் ரகம் ஜூலை இறுதி வாரத்தில் பழுக்கும். அதாவது நட்ட பின் சுமார் 64 நாள். 110 என்ற எண்ணைக் கண்டு, இது நம் குளிருக்கு முன் பழுக்காது என்று ஒதுக்கிவிடவேண்டாம்.

விதைப்பதில் பெரிய வித்தை இல்லை. மார்ச் கடைசி வாரத்திலிருந்து ஏப்ரல் முதல் வாரத்துக்குள், அரை அங்குல ஆழத்தில், 25 பாகை வெப்பத்தில் வைத்தால் ஒரு வாரத்தில் முளைக்கும். பழைய விதைக்கு இரண்டு வாரம் பொறுங்கள். முளைத்தவுடன் வெளிச்சம் போதாவிட்டால் நாற்று நூலாக நீண்டுவிடும். மே மாதப் பிற்பகுதியில் வரும் விக்டோரியா தின விடுமுறைக்குப் பிறகு, ஒரு வாரம் கொஞ்சம் கொஞ்சமாக வெயிலுக்கும் காற்றுக்கும் பழக்கி, தண்டின் பாதி வரை மண்ணுக்குள் போகும்படி நடுங்கள்.

இலைக்கவட்டில் முளைக்கும் பக்கக் கிளைகளை ரஷ்யத்தில் 'பாசிங்கி' என்கிறார்கள். மாற்றான் மகன்கள் என்று பொருள். அவற்றைக் கிள்ளுவதற்கு முன், உங்களிடம் இருப்பது குட்டை ரகமா கொடி ரகமா என்று பாருங்கள். ஒரு பூங்கொத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் மூன்று இலை இருந்தால் அது நிற்காமல் ஏறும் கொடி ரகம்; அதற்குக் கிள்ளுதல் நல்லது. ஒன்றிரண்டு இலைக்கே அடுத்த கொத்து வந்து, பிறகு உச்சியிலும் பூவோடு வளர்ச்சி நின்றுவிட்டால் அது குட்டை ரகம். அதன் விளைச்சலில் பெரும்பகுதி அந்தப் பக்கக் கிளைகளில்தான் இருக்கிறது. முதல் ஆண்டில் நான் எல்லாச் செடிகளையும் ஒரே மாதிரிக் கிள்ளி, குட்டை ரகங்களில் செடிக்கு ஏழெட்டுப் பழம் மட்டுமே கண்டேன். கோடை குறுகிய ரஷ்ய நிலங்களில், ஆகஸ்டில் பின்கருகல் நோய் வருவதற்குள் பழுக்க வேண்டும் என்றே முந்திக் காய்க்கும் குட்டை ரகங்களை அங்குள்ளவர்கள் உருவாக்கினார்கள்; ஆகவே உங்கள் எட்டில் சிலவேனும் அப்படி இருக்கும் என்றே எண்ணுகிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள்: ஒவ்வொரு பொட்டலத்திலும் பாதி விதையை மட்டும் இந்த ஆண்டு போடுங்கள். நன்கு உலர்ந்த தக்காளி விதை நான்கைந்து ஆண்டுகள் முளைக்கும் திறனோடு இருக்கும். மீதியை ஈரம் படாத கண்ணாடிப் போத்தலில் இட்டுக் குளிரான இடத்தில் வையுங்கள். ஆலங்கட்டி மழையோ நோயோ செடிகளைக் கொண்டுபோனாலும் அந்த அம்மாவின் விதை உங்கள் கையில் இருக்கும். அவருடைய கையெழுத்துள்ள காகிதங்களையும் எறியாமல் அதே போத்தலுக்குள் போட்டுவையுங்கள். பழத்தைப் பார்த்த பிறகு, இன்று புரியாத எழுத்து ஒன்றிரண்டு அப்போது புரியக்கூடும்.