இயன் ஹோமும் மேடை அச்சமும்

அன்புள்ள ஐயா,

'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' படத்தில் பில்போவாக வந்த இயன் ஹோமைப் பற்றித் தேடிப் படித்து வருகிறேன். இத்தனை பெரிய நடிகரைக் காலமெல்லாம் துணைப் பாத்திரங்களிலேயே வைத்து வீணடித்துவிட்டார்கள் என்று தோன்றுகிறது. ஆனால் 1976இல் அவர் ஒரு நாடகத்தின் நடுவே பயந்து ஓடிப்போனார் என்று அறிந்தபோது, அவர்மேல் இருந்த மதிப்பு சற்றுக் குறைந்தது. நானும் ஒரு சிறிய நாடகக் குழுவில் இருப்பதால் இதைக் கேட்கத் தோன்றியது. அவருடைய படங்களை எந்த வரிசையில் பார்க்கலாம்?

அருண்

அன்புள்ள அருண்,

வரிசையைப் பிறகு சொல்கிறேன். வீணடித்தார்கள் என்பதை விவாதிக்க எனக்கு விருப்பமில்லை. ஹரால்ட் பின்டரின் 'தி ஹோம்கமிங்' நாடகத்தில் லென்னியாக நடித்து 1967இல் டோனி விருது பெற்றவரை யாரும் வீணடித்துவிடவில்லை. ஆனால் பயந்து ஓடிப்போனார் என்று நீங்கள் எழுதியிருப்பதை என்னால் அப்படி ஒதுக்க முடியவில்லை. மேடை அச்சத்தைப் பற்றிச் சில மாதங்களாகவே யோசித்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் கடிதம் சரியாக அந்த இடத்தில் வந்து தைத்தது.

ஓடியவர் யார் என்று முதலில் பாருங்கள். 1954இல் ஷேக்ஸ்பியர் பிறந்த ஊரான ஸ்ட்ராட்ஃபோர்டில் ஈட்டி பிடித்து நிற்கும் வேடத்தில் தொடங்கி, பதின்மூன்று ஆண்டுகள் ஷேக்ஸ்பியர் நாடகங்களிலேயே வளர்ந்தவர் அவர். 1959இல் சார்ல்ஸ் லாட்டன் லியர் மன்னனாக நடித்தபோது அவருக்குக் கோமாளியாக நின்றார். ஷேக்ஸ்பியரின் நானூறாவது பிறந்த ஆண்டான 1964இல், இயக்குநர் பீட்டர் ஹால் அவருடைய வரலாற்று நாடகங்களை வரிசையாக மேடையேற்றியபோது, இளவரசன் ஹால், ஐந்தாம் ஹென்றி, மூன்றாம் ரிச்சர்ட் ஆகிய வேடங்களைத் தாங்கினார். குள்ளமான உருவத்தை வைத்துக்கொண்டு அந்த மன்னர்களை நிறுத்திக் காட்டியவர், பழக்கமின்மையால் மிரண்டார் என்று சொல்ல எப்படி மனம் வருகிறது?

1976இல் லண்டன் ஆல்ட்விச் அரங்கில் யூஜின் ஓநீலின் 'தி ஐஸ்மேன் கமெத்' நாடகத்தில் அவருக்கு ஹிக்கி வேடம். மதுக்கடையில் இருப்பவர்கள் எல்லோரும் ஹிக்கியின் வரவுக்காகக் காத்திருப்பார்கள். வந்தபின் அவன் பேசிக்கொண்டே இருப்பான். கடைசி அங்கத்தில், மனைவியைக் கொன்ற கதையைப் பக்கம் பக்கமாகத் தனியொருவனாகச் சொல்லி முடிக்க வேண்டும். முறையான தொடக்கத்துக்கு முன் நடக்கும் முன்னோட்டக் காட்சி ஒன்றில் ஹோமுக்கு வசனம் நின்றுபோனது. ஒப்பனை அறைக்குப் போனவரால் திரும்பி வர முடியவில்லை. சிறைக் கதவுகள் ஒன்றன்பின் ஒன்றாக அறைந்து சாத்தப்படுவதைப் போல மூளை மூடிக்கொண்டதாகப் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார்.

இது அனுபவம் முற்றியவர்களையும் தாக்குகிறது என்பதைத்தான் நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். புதிதாக மேடையேறுகிறவன் பார்வையாளர்களைக் கண்டு பயப்படுகிறான், முதல் வசனத்தைச் சொன்னதும் பாதிப் பயம் தெளிந்துவிடுகிறது. பல ஆண்டுகள் நடித்தவருக்கோ வசனம் நாவிலேயே ஊறிக் கிடக்கிறது, அவர் தேடாமலே வருகிறது. அப்படிப்பட்டவர் ஒரு மாலை, பேசிக்கொண்டிருக்கும்போதே, அடுத்த வரி வருமா என்று தன்னைத்தானே கவனிக்கத் தொடங்கினால், அந்தக் கவனிப்பே வரியை அடைத்துவிடுகிறது. திரைப்படமென்றால் இன்னொரு முறை எடுக்கலாம். மேடையில் அந்த வரி அந்த நொடியில் வந்தாக வேண்டும், மறுநாள் மாலையும் அதே இடத்துக்கு வந்து நின்றாக வேண்டும்.

என் இளமையில் நான் திரை இழுத்துக்கொண்டிருந்த குழுவில் ஒரு மூத்த நடிகர் இருந்தார். ஒருநாள் மேடைக்குப் போகுமுன் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு முதல் வரி என்ன என்று கேட்டார். சொன்னேன். உடனே மறுபடியும் கேட்டார். அவருடைய விரல்கள் ஈரமாகவும் சில்லென்றும் இருந்தன. அன்று ஒரு பிசகும் இல்லாமல் நடித்துவிட்டுப் போனவர் அதன்பின் வரவேயில்லை. அவர் பயந்தாங்கொள்ளி என்று குழுவில் வெகுகாலம் பேசிச் சிரித்தார்கள். உங்கள் கடிதத்தைப் படித்தபோது அந்தச் சிரிப்புதான் என் காதில் விழுந்தது, அருண்.

பெரும் நடிகரான லாரன்ஸ் ஒலிவியருக்கும் இது வந்தது. அறுபதுகளில் தேசிய நாடக அரங்கின் தலைமைப் பொறுப்பில் இருந்தபோது, ஒத்தெல்லோவாகத் தனித்துப் பேசும் இடங்களில், இயாகோவாக நடித்த ஃபிராங்க் ஃபின்லேயைத் தன் கண்ணில் படும்படி பக்கத்திரை ஓரத்தில் நிற்கச் சொல்லியிருந்தார். ஒலிவியர் தாக்குப்பிடித்தார், ஹோம் விலகினார். இருவரையும் பிடித்தது ஒன்றுதான். விலகியவரை மட்டும் கோழை என்பது நியாயமில்லை.

பிறகு பல ஆண்டுகள் அவர் மேடையை ஏறத்தாழ ஒதுக்கிவைத்து, திரையில் வாழ்ந்தார். 'சேரியட்ஸ் ஆஃப் ஃபயர்' படத்தில் அவர் பயிற்சியாளர் சாம் முசாபினி. 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் தன் மாணவன் ஓடும்போது அரங்கத்துக்குள் போகாமல் அறையிலேயே இருக்கிறார். ஜன்னல் வழியே பிரிட்டிஷ் கொடி ஏறுவது தெரிகிறது, தேசிய கீதம் கேட்கிறது. அவர் தன் வைக்கோல் தொப்பியின் உச்சியைக் கையால் குத்திக் கிழித்து, மகனே என்கிறார். எதிரே பேச ஆள் இல்லை, பார்க்கக் கூட்டமும் இல்லை. மேடையில் கற்ற அத்தனையும் அந்தத் தொப்பிக்குள் இறங்கியிருக்கிறது.

மேடைக்கும் அவர் திரும்பினார். 1993இல் அல்மெய்டா அரங்கில், பின்டரின் 'மூன்லைட்' நாடகத்தில், படுக்கையில் கிடந்து சாகும் ஆண்டியாக நடித்தார். 1997இல், 65 வயதில், ரிச்சர்ட் அயர் இயக்கத்தில் லியர் மன்னனானார். அதுவும் தேசிய நாடக அரங்கின் மூன்று கூடங்களில் மிகச் சிறியதான காட்டஸ்லோவில், ஒளிந்துகொள்ளத் தூரமே இல்லாத இடத்தில். புயல் காட்சியில் ஆடைகள் அத்தனையையும் களைந்து நின்றார். மறு ஆண்டு ஒலிவியர் விருது கிடைத்தது. அச்சம் அறவே நீங்கித்தான் அவர் திரும்பினார் என்று நான் நம்பவில்லை. அது கூடவே வந்திருக்கும், அவர் அதையும் அழைத்துக்கொண்டு போய் நின்றிருப்பார். இதைத் தெரிந்துகொண்ட பிறகும் உங்கள் மதிப்பு குறைந்தே இருக்குமானால், உங்கள் குழுவில் யாருக்காவது ஒருநாள் வசனம் நின்றுபோகும்போது நீங்கள் அவருக்குப் பக்கத்தில் நிற்க வேண்டாம் என்றே கேட்டுக்கொள்வேன்.

வரிசை கேட்டிருந்தீர்கள். முதலில் 'சேரியட்ஸ் ஆஃப் ஃபயர்', அடுத்து பள்ளிப் பேருந்து விபத்தில் பிள்ளைகளை இழந்த ஊருக்கு வழக்கறிஞராக அவர் வரும் 'தி ஸ்வீட் ஹியர்ஆஃப்டர்', அதன்பின் அயரின் லியர் பதிவு. கடைசியாக 'ஏலியன்' பாருங்கள். அதில் எல்லோரும் சிரித்துப் பேசிச் சாப்பிடும் காட்சியில், கேன் என்ற பாத்திரத்தை விட்டுவிட்டு, அவனையே பார்த்துக்கொண்டிருக்கும் ஆஷாக வரும் ஹோமின் முகத்தை மட்டும் பாருங்கள்.