கரையில் எண்ணெய் ஒதுங்கினால்: வாசகர் கேள்வி – பதில்

எண்ணூர் கடலோரத்தில் எண்ணெய்க் கசிவு பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: 2017-ல் எர்ணாவூர் கரையில் எண்ணெயை வாளியில் அள்ளினார்கள். உறிஞ்சும் இயந்திரங்கள் இருந்தும் ஏன் இந்த நிலை?

பதில்: அந்த ஆண்டு ஜனவரி 28 விடிகாலையில், காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே பிடபிள்யூ மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரு கப்பல்கள் மோதிக்கொண்டன. வெளியேறியது கனமான உலை எண்ணெய். டீசல் கொட்டினால் ஓரிரு நாளில் பெரும்பகுதி ஆவியாகிவிடும். இந்த எண்ணெய் ஆவியாவது கொஞ்சம்தான். அலையில் புரளப் புரளக் கடல்நீரைத் தனக்குள் இழுத்து, மூன்று நான்கு மடங்கு பெருத்து, பாகு பதத்துக்கு வந்துவிடும். கழிவுநீர் லாரியின் குழாயை அதில் வைத்தால், இளகிய கடல்நீர்தான் முதலில் ஏறும். பாகு தானாக நகர்ந்து குழாய்க்கு வராது. வந்தாலும் மணலும் பிளாஸ்டிக் குப்பையும் சேர்ந்து அடைத்துக்கொள்ளும். எர்ணாவூரில் அலைத் தடுப்புக் கற்களின் இடுக்குகளில் அது தேங்கியது இன்னொரு சிக்கல். அங்கே வாளிதான் கைகொடுத்தது. அதை நாங்கள் குறை சொல்ல மாட்டோம். அள்ள வந்தவர்களில் பலருக்கு முறையான கையுறையும் பூட்ஸும் இல்லாததுதான் மன்னிக்க முடியாதது.

கேள்வி: தன்னார்வலர்களாக நாங்கள் மணலைச் சுத்தம் செய்ய இறங்கலாமா? முறை என்ன?

பதில்: முதலில் கடலோரக் காவல்படையின் 1554 எண்ணுக்குச் சொல்லுங்கள். கடலில் மிதக்கும் எண்ணெய்க்கு அவர்கள் பொறுப்பு. கரைக்கு மாநில நிர்வாகம் பொறுப்பு. ஆகவே ஆட்சியர் அலுவலகத்திலும் பெயர் கொடுத்துவிட்டு இறங்குங்கள்.

கையுறை நைட்ரைலாக இருக்கட்டும். சாதாரண ரப்பர் கையுறை எண்ணெயில் ஊறி இளகிவிடும். முழங்கால் வரை பூட்ஸ், முழுக்கைச் சட்டை வேண்டும். துணி முகக்கவசம் தூசியைத் தடுக்குமே தவிர, எண்ணெய் ஆவியைத் தடுக்காது. காற்று உங்கள் முதுகில் படும்படி நின்று வேலை செய்யுங்கள். தலைசுற்றினால் உடனே விலகிவிடுங்கள். கர்ப்பிணிகளும் ஆஸ்துமா உள்ளவர்களும் வர வேண்டாம்.

மண்வெட்டியால் ஆழக் கொத்தக் கூடாது. தட்டையான மண்வாரியால் மேலே படிந்ததை இரண்டு மூன்று சென்டிமீட்டர் அளவுக்கு வழித்தெடுங்கள். நல்ல மணலில் நின்றபடி எண்ணெயை நோக்கி முன்னேறுங்கள். மிதித்த எண்ணெய் கீழே இறங்கிவிடும். ஜேசிபி வேண்டவே வேண்டாம். அது எண்ணெயை ஆழப் புதைப்பதோடு, அரிப்பில் ஏற்கெனவே மெலிந்த கரையிலிருந்து நல்ல மணலையும் லாரி லாரியாகக் கொண்டுபோய்விடும். தடித்த பிளாஸ்டிக் பையில் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள். கனத்தில் கிழிந்தால் மறுபடி அள்ள வேண்டும். அலை எட்டாத மேட்டில் தார்ப்பாய் விரித்து, ஓரத்தில் வரப்பு கட்டி, பைகளை அடுக்குங்கள். எண்ணெய் மணலையும், எண்ணெய் பட்ட கையுறை, துணி போன்றவற்றையும் தனித்தனியாக வைத்தால் பின்னால் அப்புறப்படுத்துவது எளிது. எரிக்கவோ புதைக்கவோ கூடாது.

முதல் நாளில் கரை பளிச்சென்று இருந்தால் நம்பிவிடாதீர்கள். ஒரே இரவில் அலை புதுமணலைக் கொண்டுவந்து எண்ணெயை மூடிவிடும். சில அடிக்கு ஒரு குழியாக, ஒரு அடி ஆழம் தோண்டிப் பாருங்கள். கறுப்புப் பட்டை தெரியும்.

தோலில் ஒட்டியதைத் தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்துவிட்டு, சோப்பால் கழுவுங்கள். மண்ணெண்ணெய், பெட்ரோல், தின்னர் எதையும் தொடாதீர்கள். அவை எண்ணெயின் நச்சைத் தோலுக்குள் இன்னும் எளிதாக இறக்கும்.

கேள்வி: மிதக்கும் எண்ணெய்மேல் மரத்தூள், வைக்கோல் தூவலாமா?

பதில்: தூவாதீர்கள். மரத்தூள் ஊறி மூழ்கும், அடியில் போய்ச் சேரும். வைக்கோலை வலைப்பையில் திணித்து, கயிற்றில் கோத்து, நீரோட்டத்துக்குச் சாய்வாகக் கட்டினால் ஓரளவு பிடிக்கும். குறுக்கே நேராகக் கட்டினால், ஓட்டம் நொடிக்கு ஓர் அடியைத் தாண்டியதும் எண்ணெய் அடிவழியே நழுவிவிடும்.

கேள்வி: எண்ணூர் முகத்துவாரத்து அலையாத்திச் செடிகளை எப்படிக் கழுவுவது?

பதில்: உள்ளே இறங்காமல் கழுவ வேண்டும். சேற்றுக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் குச்சி வேர்கள் வழியாகத்தான் செடி மூச்சு விடுகிறது. அவற்றை மிதித்து எண்ணெயைச் சேற்றில் அழுத்தினால் பல ஆண்டுகள் அங்கேயே கிடக்கும். நீர் ஏறியிருக்கும் நேரத்தில், படகில் இருந்தபடி, அழுத்தம் குறைந்த கடல்நீரைப் பாய்ச்சி எண்ணெயை வெளிப்பக்கம் தள்ளி, மிதவைத் தடுப்புக்குள் பிடிக்க வேண்டும். சோப்புத்தூளும், எண்ணெயைத் துளித்துளியாக உடைக்கும் சிதறடிப்பான் ரசாயனமும் இங்கே கூடவே கூடாது.

கேள்வி: மீன், இறால், மட்டி சாப்பிடலாமா?

பதில்: எண்ணெய் பரவாத ஆழ்கடலில் பிடித்த மீனுக்குப் பயமில்லை. முகத்துவாரத்து மட்டியையும் ஆளியையும் பரிசோதனை முடிவு வரும்வரை தொடாதீர்கள். அவை நீரை வடிகட்டித் தின்பவை. எண்ணெய் மாதக்கணக்கில் உடம்பில் தங்கும், கொதிக்க வைத்தாலும் போகாது. மீனில் மண்ணெண்ணெய் வாடை வந்தால் எறிந்துவிடுங்கள். வாடை இல்லை என்பது மட்டுமே போதிய சான்று ஆகாது.

கேள்வி: வலையும் படகும் கெட்டுவிட்டன. இழப்பீட்டுக்கு என்ன செய்ய வேண்டும்?

பதில்: நைலான் வலையின் முடிச்சுகளில் ஏறிய எண்ணெய் முழுதாக வராது. ஆற்றில் அலசினால் அடுத்தவர் வலைக்கும் பரவும். ஆனால் கெட்ட வலையைக் கணக்கெடுப்பு முடியும் முன் தூக்கி எறிந்துவிடாதீர்கள். வலையின் வகை, கண் அளவு, நீளம், வாங்கிய ஆண்டு, ரசீது ஆகியவற்றை எழுதி, தேதி தெரியும் படங்களோடு வையுங்கள். படகுப் பதிவு எண்ணும், கசிவுக்கு முந்தைய மாதங்களின் ஏலச் சீட்டுகளும் உங்கள் வருமானத்துக்குச் சாட்சி. எண்ணெயில் கொஞ்சத்தைக் கண்ணாடிப் புட்டியில் எடுத்து, இடமும் நேரமும் ஒட்டி, இருட்டில் குளிர்ச்சியாக வைத்தால் எங்கிருந்து வந்தது என்பதை ஆய்வகம் ஒப்பிட முடியும்.

எண்ணெய் எங்கிருந்து வந்தது என்பதைப் பொறுத்து வழி மாறும். 2017-ல் நடந்ததுபோலக் கப்பலிலிருந்து என்றால், உரிமையாளரும் அவரது காப்பீட்டு நிறுவனமும் பொறுப்பு. சர்வதேச உடன்படிக்கைகளில் கெடு, சேதம் நேர்ந்த நாளிலிருந்து 3 ஆண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து பக்கிங்காம் கால்வாய் வழியே எண்ணெய் வந்ததே, அதுபோல நிலத்திலிருந்து என்றால் அந்த உடன்படிக்கைகள் பொருந்தாது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்தின் 15-ஆம் பிரிவில் இழப்பீடு கேட்க வேண்டும். அதற்குக் கெடு 5 ஆண்டு. அரசு தரும் உடனடி நிவாரணத்தைப் பெற்றுக்கொள்ளுங்கள். ஆனால் கையெழுத்திடும் தாளில் 'முழு இழப்பீடாக' என்ற சொற்கள் இருக்கின்றனவா என்று படித்துப் பார்த்துவிட்டே கையெழுத்திடுங்கள்.