சொன்னபடி தோற்றவர்

கேள்வி: பயிற்சியாளர் சொல்லைத் தட்டாததால்தான் சீன பேட்மிண்டன் வீராங்கனைகள் ஒலிம்பிக் பதக்கங்களைக் குவிக்கிறார்கள் என்கிறேன் நான். சரிதானே?
— வாசகர், திண்டுக்கல்

பதில்: தட்டாதது உண்மை. அதனால் பதக்கம் கூடியதா என்று சீன வீராங்கனை ஜோ மியைத்தான் கேட்க வேண்டும்.

2003-ல் ஆல் இங்கிலாந்து பேட்மிண்டன் போட்டியில் பட்டம் வென்றவர் அவர். அடுத்த வருடம் ஏதென்ஸ் ஒலிம்பிக் அரையிறுதியில் எதிரே நின்றவரும் சீனர்தான், ஜாங் நிங். முதல் செட்டை ஜாங் எடுத்தார். அதன்பிறகு ஜோ மிக்கு உத்தரவு வந்தது: ரொம்ப மெனக்கெடாதே, ஜாங் களைத்துப்போகாமல் இறுதிக்குப் போகட்டும். இது வதந்தி இல்லை. தலைமைப் பயிற்சியாளர் லீ யோங்போவே 2008-ல் சீன அரசுத் தொலைக்காட்சியில் சொன்னது. சொன்னதற்காக அவர் பதவியும் போகவில்லை!

கணக்கைப் பாருங்கள். இரண்டு பேரும் சீனர்கள். யார் ஜெயித்தாலும் இறுதியில் ஒரு சீன வீராங்கனை இருந்திருப்பார். அங்கே நெதர்லாந்தின் மியா ஆடினாவை ஜோ மி வென்றிருக்க மாட்டார் என்று யார் எழுதிக் கொடுத்தது? ஜாங் தங்கம் வாங்கினார், ஜோ மிக்கு வெண்கலம். பாவம், ஜாங்கும்தான். அந்த அரையிறுதியை அவர் எப்படியும் ஜெயித்திருக்கலாம்; இனி அதை நிரூபிக்கவே முடியாது. 2008 பெய்ஜிங்கில், 33 வயதில், மறுபடி தங்கம் வென்ற ஆட்டக்காரருக்கு இந்தச் சலுகை எதற்கு?

இது முதல்முறையும் இல்லை. 2000 சிட்னி ஒலிம்பிக் அரையிறுதியில் சக சீன வீராங்கனை கோங் ஜீச்சாவிடம் தன்னைத் தோற்கச் சொன்னார்கள் என்று, இரண்டு முறை உலக சாம்பியனான யே ஜாவ்யிங் 2022-ல் டென்மார்க் தொலைக்காட்சியில் சொன்னார். இறுதியில் காத்திருந்த டென்மார்க்கின் கமில்லா மார்ட்டினைச் சமாளிக்க கோங்தான் சரி என்பது அவர்கள் போட்ட கணக்கு. வாயைத் திறக்க யேவுக்கு 22 வருடம் ஆனது, அதுவும் சீனாவை விட்டு வெளியே வந்த பிறகு.

ஜோ மி என்ன ஆனார்? தேசிய அணியை விட்டு விலகி ஹாங்காங் போனார். தோற்கச் சொல்ல ஆளில்லாத இடத்திலிருந்து ஆடி, 2008-ல் உலகத் தரவரிசையில் முதலிடம் பிடித்தார். 2010-ல் ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கி இரண்டு வருடத் தடை வாங்கியது தனிக்கதை. அதற்கு லீ யோங்போவை நான் குறை சொல்ல மாட்டேன்.