குலுக்கினால் திரியும் புரதம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: தே தாரிக் என்னும் பால் தேநீரை உயரத் தூக்கி ஆற்றும்போது வரும் நுரை, தேயிலையால் வருகிறதா, பாலால் வருகிறதா?
– வாசகி, ஈசூன்

பதில்: பெரும்பாலும் பாலால். கோப்பிக்கடைக்காரர் ஒரு முழம் உயரத்திலிருந்து இழுத்து ஊற்றும்போது தேநீருக்குள் காற்று புகுகிறது. பாலிலுள்ள புரதங்கள் ஓடிப்போய் ஒவ்வொரு குமிழையும் தோல்போல் போர்த்திக்கொள்கின்றன. அந்தத் தோல்தான் குமிழை உடையாமல் காக்கிறது. பால் சேர்க்காத தே-ஓவை அதே உயரத்தில் ஆற்றிப் பாருங்கள். வரும் நுரை சீக்கிரமே அடங்கிவிடும். கோப்பையில் நமக்குப் பிடித்த இந்த வேலையேதான் மருந்துக் குப்பியில் தொல்லையாகிறது. அடுத்த கேள்வி அதைப் பற்றியது.

கேள்வி: மருந்து ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். ஆன்டிபாடி என்ற மருந்துப் புரதத்தின் கரைசலைக் காந்தக் கலக்கியில் இரவெல்லாம் சுற்றவிட்டால் காலையில் லேசாகக் கலங்கியிருக்கிறது. நிமிடத்துக்கு 300 சுற்றை 100 ஆகக் குறைத்தும் பயனில்லை. ‘ஷியர்தான் காரணம், இன்னும் குறை’ என்கிறார் மேலாளர். சரியா?
– வாசகர், ஜூரோங் வெஸ்ட்

பதில்: துறையில் பலரும் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் கணக்கு இடிக்கிறது. பக்கத்துப் பக்கத்து நீர் அடுக்குகள் வெவ்வேறு வேகத்தில் ஓடுவதால் வரும் இழுப்புதான் ஷியர். சைட்டோகுரோம் சி போன்ற சின்னஞ்சிறு புரதத்தை அதை மட்டும் கொண்டு அவிழ்க்க, ஷியர் வீதம் (அடுக்குகளின் வேக வித்தியாசத்தை அவற்றின் இடைவெளியால் வகுத்தது) நொடிக்கு ஏறத்தாழ 1 கோடி வேண்டும் என்று ஆய்வாளர்கள் 2006இல் கணக்கிட்டார்கள். மெல்லிய ஊசி வழியே வேகமாகத் தள்ளினாலே லட்சத்தை ஒட்டித்தான் வரும். உங்கள் கலக்கி அதற்கும் வெகு கீழே. இரத்தம் உறைய உதவும் வான் வில்பிராண்ட் காரணி என்ற புரதம் நொடிக்கு 5,000 அளவிலேயே விரிந்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் அது மிக நீளமான மூலக்கூறு, விரிவதே அதன் தொழில். அகலக் குழாயிலிருந்து குறுகிய வாய்க்குள் பாயும் இடத்தில் நீட்டி இழுக்கும் ஓட்டம் வேறு கதை. அது சில புரதங்களைத் திரளவைப்பதை லீட்ஸ் பல்கலைக்கழகத்தார் 2017இல் காட்டினார்கள். காந்தக் கலக்கியில் அப்படிப்பட்ட இடம் இல்லை.

ஆகவே பரப்பைப் பாருங்கள். காற்றும் நீரும் சந்திக்கும் இடத்தில் புரதம் ஒட்டி, உள்ளே மடித்து வைத்திருந்த நீர் ஒட்டாப் பகுதிகளை வெளியே காட்டுகிறது. பக்கத்தில் இருப்பதும் அப்படியே செய்ய, இரண்டும் பின்னிக்கொள்கின்றன. பால் மேல் ஏடு கட்டுவதுபோல் ஒரு படலம். அசையாமல் கிடந்தால் பெரும்பாலும் அது அங்கேயே கிடக்கும். கலக்கும்போதோ அது கசங்கிக் கிழிந்து துணுக்குகளாகக் கரைசலுக்குள் இறங்க, வெறுமையான பரப்பில் அடுத்த படலம் கட்டுகிறது. ஓட்டத்தின் பங்கு இந்தச் சுரண்டல்தான். இன்னொன்று: காந்தக் கட்டை குடுவையின் அடியை உரசிக்கொண்டே சுற்றுகிறது. கண்ணாடியில் படிந்த படலத்தை அது இரவெல்லாம் தேய்த்தெடுக்கிறது. வேகத்தைக் குறைத்தாலும் உரசல் நிற்காது. 100 சுற்றிலும் கலங்கியதற்கு என் முதல் சந்தேகம் இதன் மேல்தான்.

அரைநாள் சோதனையில் தெரிந்துவிடும். ஒரே கரைசலை நான்கு குப்பிகளில் எடுங்கள். ஒன்றில் பாதி, இரண்டாவதில் ஒரு குமிழ்கூட இல்லாமல் விளிம்புவரை, மூன்றாவதில் பாதியோடு 0.02 சதவீத பாலிசார்பேட் 80 (சவர்க்காரம்போல் பரப்பில் ஒட்டும் பொருள்). நான்காவது பாதி, குலுக்காமல் வைக்க. புரதமில்லாத வெறும் பஃபர் (புரதத்தைக் கரைத்து வைக்கும் உப்புக் கரைசல்) ஒரு குப்பியும் வேண்டும், கண்ணாடித் தூசியைப் புரதம் என்று எண்ணி ஏமாறாமலிருக்க. நான்கு மணிநேரம் குலுக்கிவிட்டு 350 நானோமீட்டர் அலைநீள ஒளி எவ்வளவு தடைபடுகிறது என்று அளவு எடுங்கள். அங்கே புரதம் ஒளியை உறிஞ்சாது, எனவே ஏறும் எண் கலங்கல்தான். பாதிக் குப்பி மட்டும் கலங்கினால் காற்றுப் பரப்பு. விளிம்புவரை நிரப்பிய குப்பியும் கலங்கினால் குப்பிச் சுவர். எதுவுமே கலங்காவிட்டால் காந்தக் கட்டை.

தீர்வு அதற்கேற்ப. மேலிருந்து தொங்கும் துடுப்புக் கலக்கிக்கு மாறுங்கள். துடுப்பு முழுக்க மூழ்கட்டும், சுழிக்குழி விழக் கூடாது. கரைசலை ஊற்றும்போது குழாய் முனை திரவத்துக்குள் இருக்கட்டும். பாலிசார்பேட் சேர்த்தால் அது புரதத்தை முந்திப் பரப்பைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் திறந்து நாளான, வெளிச்சம் பட்ட புட்டியிலிருந்து எடுக்காதீர்கள்: அதில் சேரும் பெராக்சைடு புரதத்தையே ஆக்சிஜனேற்றம் செய்யும். கலங்கியதை 0.2 மைக்ரான் வடிகட்டியில் தெளியவைத்து ஒப்பேற்றுவதும் வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத சிறு திரள்கள் தாண்டிப் போய்விடும்.

கேள்வி: அம்மா போடும் இன்சுலின் பேனா மருந்து வெள்ளையாக இருக்கிறது. நன்றாகக் குலுக்கிப் போடச் சொல்லலாமா?
– வாசகி, தெம்பனிஸ்

பதில்: குலுக்க வேண்டாம். என்பிஎச் வகை இன்சுலின் வெள்ளையாக இருப்பது இயல்பு. அது நுண்படிகங்களின் கலவை. பேனாவை உள்ளங்கைகளுக்கு நடுவே 10 முறை உருட்டி, 10 முறை மெதுவாகத் தலைகீழாகத் திருப்பினால் ஒரே சீராகப் பால்போல் வரும். வராமல் கட்டி தங்கினாலும், கண்ணாடியில் வெள்ளைத் துகள் ஒட்டியிருந்தாலும் போடாதீர்கள். தெளிந்திருக்க வேண்டிய வகை கலங்கினாலும் அப்படியே. போட்டதும் ஊசியைக் கழற்றிவிடச் சொல்லுங்கள். ஊசி இருந்தால் அதன் வழியே காற்று உள்ளே போகும். பயன்பாட்டிலுள்ள பேனாக்கள் பலவற்றுக்கும் 30 பாகைக்குக் கீழ் என்பதே விதி. நம் சிங்கப்பூர் மதியம் அதைத் தாண்டுவது சகஜம், எனவே வெயில் படும் சன்னலோரத்திலோ கார் டாஷ்போர்டிலோ வைக்கக் கூடாது. எத்தனை நாள் வைக்கலாம் என்பது வகைக்கு வகை மாறும். பெட்டியில் போட்டிருப்பதைப் பார்த்து, திறந்த தேதியைப் பேனாவிலேயே ஒட்டிவையுங்கள்.